பாதியில் நின்ற மிக்-21ஐ ஏற்காட்டில் முடிக்கப் போனபோது

அலமாரியில் பல வருடம் கிடந்த பிளாஸ்டிக் விமான மாடலை எடுத்து முடிப்பது, புதுப் பெட்டியைப் பிரித்து ஒட்டுவதைவிடச் சுலபம் என்றுதான் தோன்றும். பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறதே! எனக்கு அது புதுப் பெட்டியைவிட அதிகப் பணத்தையும், ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலம் முழுவதையும், கொஞ்சம் வீட்டு நிம்மதியையும் தின்றுவிட்டது. சேலத்தில் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. கேட்க ஆளில்லாமல் ஒவ்வொன்றையும் காசு கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். உங்கள் அலமாரியிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது 1/48 அளவு மிக்-21 போர் விமானம். கல்யாணத்துக்கு முன் பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் 1,600 ரூபாய்க்கு வாங்கியது. நிஜ விமானத்தின் இறக்கை அகலமே 7.15 மீட்டர்தான், 48ஆல் வகுத்தால் 15 சென்டிமீட்டர்கூட வராது. சின்ன மேசையில் அடங்கிவிடும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டி, மூக்கு இணைப்பில் பட்டி வைத்து, விமானி அறைக் கண்ணாடிக்கு மாஸ்கிங் டேப் ஒட்டியதோடு நின்றுபோனது. அப்புறம் கல்யாணம், குழந்தை, சேலத்துக்கு மாற்றல், இரண்டு மூன்று வாடகை வீடுகள். பெட்டி எல்லா வீட்டுக்கும் கூடவே வந்தது, யாரும் திறக்கவில்லை.

2025 செப்டம்பர் 26ஆம் தேதி சண்டிகரில் விமானப்படை தன் கடைசி மிக்-21களுக்கு விடைகொடுத்தது. 1963ல் முதல் மிக்-21கள் படையில் சேர்ந்ததும் அதே சண்டிகரில்தான். அறுபத்திரண்டு வருடம் பறந்துவிட்டு அந்த விமானமே ஓய்வுக்குப் போய்விட்டது, நம்முடையது இன்னும் சக்கரம்கூட மாட்டாமல் கிடக்கிறதே என்று உறுத்தியது. அப்போது வங்கி வேலையில் ஏற்காட்டுக் கிளைக்குப் போட்டிருந்தார்கள். தினமும் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்க உடம்பு ஒத்துழைக்காததால், வார நாட்களில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே செய்ய ஒன்றுமில்லை. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று பெட்டியை மலைக்கு எடுத்துப் போனேன். அக்டோபர் மாதம் அது. மலையில் அது எப்படிப்பட்ட மாதம் என்று தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பீர்கள்.

பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினால் என்ன என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் சுங்கக் கணக்கில் இந்த மாடல்களும் பொம்மை வகையில்தான் வருகின்றன. 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70 ஆனது. நான் வாங்கிய விலையை நினைத்துக்கொண்டு இப்போதைய விலையைப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். அதனால் பழையதைக் காப்பாற்றுவது என்று முடிவாயிற்று. வெளிநாட்டிலிருந்து பெயிண்ட் வரவழைப்பதும் தலைவலி. தீப்பற்றும் பொருள் என்று விமானத் தபாலில் ஏற்றமாட்டார்கள். உள்ளூரில் கிடைப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் தெரிந்தது டயர். இந்தப் பெட்டியில் சக்கர டயர்கள் தனியாக, கறுப்பாக, ரப்பர் மாதிரி இருக்கும். உண்மையில் அது மென்மையாக்கிய வினைல். மென்மைக்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் வருடக்கணக்கில் மெல்லக் கசிந்து வெளியே வரும்; பக்கத்தில் இருக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அது கரைக்கும். டயர் பையைவிட்டு வெளியே வந்து இறக்கையின் மேல் படுத்திருக்கிறது. இறக்கையில் அரைவட்டமாக ஒரு பள்ளம், தொட்டால் பிசுபிசுப்பு. பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்த பொருளை அந்தப் பெட்டியே அரித்திருக்கிறது. அந்தப் பிசுபிசுப்பைச் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சில நாள் காயவிட்ட பிறகுதான் பள்ளத்தில் பட்டி வைக்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே வைத்தால் பட்டி பிடிக்காது. டயர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிளாஸ்டிக் சக்கரம் வேறு இடத்தில் தேடினேன்.

அடுத்தது இராமபாணப் பூச்சி. செய்முறைத் தாளின் ஓரத்தையும், தண்ணீரில் நனைத்து விமானத்தில் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட டிகால் தாளின் ஒரு மூலையையும் தின்றிருந்தது. தாளில் இருக்கும் பசை அதற்குச் சாப்பாடு. மிச்சமிருந்த டிகாலில் வெள்ளை எல்லாம் பழைய செய்தித்தாள் நிறத்துக்கு வந்துவிட்டது. நம் விமானப்படை வட்டத்தில் வெளியே பச்சை, நடுவே காவி, இரண்டுக்கும் இடையில் வெள்ளை. அந்த வெள்ளை மஞ்சளானால் எங்கே ஒட்டினாலும் கண்ணில் குத்தும். கண்ணாடியின் மேல் ஒட்டியிருந்த மாஸ்கிங் டேப் காய்ந்து, காகிதம் மட்டும் உரிந்து வந்தது. பசை அப்படியே கண்ணாடியில் தங்கிவிட்டது. ஏற்காடு என்பதால் யாரோ நீலகிரித் தைலம் போட்டுத் துடைக்கச் சொன்னார்கள். தைலம் பசையை எடுக்கும், உண்மைதான். ஆனால் பாலிஸ்டைரீனையும் இளக்கும். நல்லவேளையாக, பாகங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் உதிரிச் சட்டத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கடைசியில் சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து, பொறுமையாக எடுத்தேன். முன் சக்கரக் கதவு ஒன்றைக் காணவே இல்லை. அதை உதிரிச் சட்டத்தின் தட்டையான பகுதியிலிருந்து அறுத்துச் செய்துகொண்டேன்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். பழைய பெட்டியைத் திறந்த அன்றே வேலையைத் தொடராதீர்கள். டயர், டிகால், கண்ணாடி, பசை, பெயிண்ட் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எது செத்தது, எது பிழைக்கும் என்று எழுதிவையுங்கள். எதையும் விமானத்தின் மேல் போடுவதற்கு முன் உதிரிச் சட்டத்தில் போட்டுப் பாருங்கள். அந்தச் சட்டங்களை வேலை முடியும்வரை எறியக்கூடாது. பழசில் ஒரே ஒரு லாபம் உண்டு. முன்பு ஒட்டிய இணைப்புகள் முழுக்கக் காய்ந்து, சுருங்கவேண்டியது எல்லாம் சுருங்கி முடிந்திருக்கும். இனிமேல் தேய்த்தால் தேய்த்தபடியே நிற்கும்.

கருவிகளுக்கு நான் முதலில் இணையக் கடையைத்தான் தேடினேன். சின்ன ஊசி அரம், மெல்லிய சாமணம், நுண்ணிய வாள் எல்லாம் மாடலுக்கென்று விற்றால் தனி விலை. அப்புறம்தான் புத்தி வந்தது, நாம் இருப்பது சேலம். ஊரெங்கும் கொலுசுப் பட்டறை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளி வேலைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் இதெல்லாம் கிடைக்கிறது, பாதி விலையில், இன்னும் உறுதியாக. எங்கள் தெருவில் கொலுசுக்கு மெருகு போடும் ஓர் அண்ணன் இருக்கிறார். விமானத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுக்கு வெள்ளிக் கலர் அடிக்கப் போறீங்களா தம்பி? அப்ப இந்தக் கோட்டை மொதல்ல பாருங்க. மெருகு மேல பூசுறதுல வராது, கீழ தேய்க்கிறதுலதான் வரும்” என்றார். அவர் காட்டியது மூக்கு இணைப்பில் நான் பல வருடத்துக்கு முன் பட்டி வைத்த இடம்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது பிறகுதான் புரிந்தது. 1960களில் நம்மிடம் வந்த மிக்-21 எஃப்எல் வகை வெள்ளி நிறத்தில்தான் பறந்தது. 1971 போரையொட்டித்தான் அவற்றில் பலவற்றுக்கு மறைவண்ணம் பூசினார்கள். 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கியதும் இந்த மிக்-21கள்தான். எனக்கு அந்தப் பழைய வெள்ளி விமானம்தான் வேண்டும். பச்சை, பழுப்பு என்று மறைவண்ணம் அடித்தால் சின்னக் கீறலை வண்ணமே மறைத்துவிடும். உலோக நிறம் எதையும் மறைக்காது, காட்டிக்கொடுக்கும். அதற்கு அடியில் பளபளப்பான கறுப்பு அடிக்கவேண்டும், அதன் மேல் மெல்லிய உலோக நிற லாக்கர் பெயிண்ட். கறுப்பு எவ்வளவு கண்ணாடி மாதிரி இருக்கிறதோ அவ்வளவுதான் வெள்ளியும்.

தேய்ப்பதற்குக் கார் பெயிண்ட் கடை வாட்டர் பேப்பரே போதும். 400ல் தொடங்கி 600, 1000, கடைசியில் 2000, எல்லாம் தண்ணீர் தொட்டு. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டியை ஒரே தடவையில் கனமாக வைக்காதீர்கள், காயும்போது சுருங்கிப் பள்ளம் விழும். மெல்லிசாக வைத்து, ஒரு நாள் விட்டு, மறுபடி மெல்லிசாக. அதே கடையில் விற்கும் என்.சி. தின்னரைத் துடைக்கப் பயன்படுத்தவே வேண்டாம். அதில் உள்ள கரைப்பான்கள் பிளாஸ்டிக்கைக் கூழாக்கிவிடும். பெயிண்ட்டில் கலந்து, காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷில் தூறலாக அடிக்கும்போது அது விமானத்தைத் தொடுவதற்குள் பெரும்பாலும் ஆவியாகிவிடும், அதனால் தாங்கும். ஈரமாகப் பிடித்தால் தாங்காது.

சரி, இப்போது மலைக்கு வருவோம். ஏர்பிரஷ்ஷும் சின்னக் கம்ப்ரசரும் சேர்த்து ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. ஒரு கடையில் “சீக்கிரம் காயும், நல்லா இருக்கும்” என்று சொல்லித் தந்த தின்னரில் கறுப்பு லாக்கரைக் கலந்து, ஏற்காட்டு அறையில் இரவு உட்கார்ந்து அடித்தேன். அடிக்கும்போது அருமையாக இருந்தது. ஈரக் கறுப்பில் பல்பு வெளிச்சம் நெளிந்து தெரிந்தது. சில நிமிடத்தில் அதன் மேல் பால் தெளித்தது போல வெள்ளை படர்ந்தது. துடைத்தால் போகவில்லை, காய்ந்தால் மறையவில்லை. பெயிண்ட் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு டப்பா வாங்கினேன், அதே கதை. கம்ப்ரசர் குழாயில் தண்ணீர் சேர்கிறதோ என்று நீர் வடிகட்டி வாங்கி மாட்டினேன். தேவையான பொருள்தான், ஆனால் அதிலும் வெள்ளை நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் முழுவதையும் தேய்த்து எடுத்து மறுபடி தொடங்கவேண்டும். தேய்க்கத் தேய்க்க உடலில் உள்ள மெல்லிய தகட்டுக் கோடுகள் அழிய ஆரம்பித்தன. நவம்பர் முழுக்க இதுதான். ஓர் இரவு அதை அப்படியே ஏரிப் பக்கம் விட்டெறியலாமா என்றுகூடத் தோன்றியது. வீட்டில் சொன்னால், “அந்தப் பிளாஸ்டிக்குக்கு இவ்வளவா?” என்பார்கள். சொல்லாமலே முழுங்கிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். சீக்கிரம் ஆவியாகும் தின்னர், ஆவியாகும்போது பெயிண்ட் பூச்சின் சூட்டை இழுத்துக்கொள்ளும். பூச்சு சில்லிட்டுப் போகும். காற்றில் ஈரம் நிறைய இருந்தால், அந்தச் சில்லிட்ட பரப்பில் பனி கோத்துக்கொள்ளும். அந்த நீர்த்துளிகள் பூச்சுக்குள்ளேயே சிக்கிக்கொண்டு வெளுப்பாகத் தெரியும். ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்டோபர், நவம்பரில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும் ஊர் அது. பிறகு வாங்கிய ஈரப்பதமானி அந்த அறையில் ராத்திரி 90க்குக் கீழே இறங்கவே இல்லை. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிறது. மூடினால் லாக்கர் வாசனையில் தலை சுற்றுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே அங்கே வழியே கிடையாது. துணி முகமூடி இந்த ஆவியைத் தடுக்காது; பெயிண்டர்கள் போடும் கரி வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும்.

இதை எனக்கு விளக்கியவர் சேலத்தில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு பெரியவர். வாட்டர் பேப்பர் வாங்கப் போன கடையில் நின்றுகொண்டிருந்தார். செல்போனில் படத்தைக் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார். “மழை நாள்ல இந்தத் தின்னர்ல அடிச்சா வெளுக்கத்தான் சார் செய்யும். பெயிண்ட்ட ஏன் திட்டுறீங்க? மெதுவாக் காயுற ரிடார்டர் கொஞ்சம் கலந்துக்குங்க. வெளுத்ததத் தேய்க்கவும் வேணாம். காத்து காஞ்சிருக்கற நாள்ல வெறும் ரிடார்டரத் தூறலா விடுங்க, தண்ணி வெளிய ஓடிரும்” என்றார். இத்தனை வாரம் நான் தேய்த்துத் தீர்த்ததற்கு அவசியமே இல்லை. உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான் முடிந்தது.

டிசம்பர் கடைசியில் விமானத்தைக் கீழே கொண்டுவந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் மாடல் பிழைக்கவேண்டுமானால் அதைத் துணியில் சுற்றக்கூடாது. ஒரு தெர்மாகோல் பெட்டியின் அடியில் உடல் அளவுக்குப் பள்ளம் வெட்டி, இறக்கையில் எதுவும் படாமல் வயிறு மட்டும் உட்காரும்படி வைத்தேன். நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் அதுவரை ஒட்டவில்லை. அந்தப் பெரியவர் சொன்னபடி செய்ததும் வெளுப்பு, சொன்னால் நம்பமாட்டீர்கள், கண் முன்னாலேயே கரைந்து மறுபடி கறுப்பானது. ஈரப்பதம் 75ஐத் தாண்டினால் இப்போது நான் லாக்கரைத் தொடுவதில்லை.

சேலத்திலும் ஒரு பிரச்சினை உண்டு, நேர்மாறானது. பிப்ரவரி பாதிக்கு மேல் மத்தியானத்தில் அடித்தால், பெயிண்ட் விமானத்தை அடையும் முன்பே காற்றில் காய்ந்து, மேலே பொடிப் பொடியாக உட்காரும். விரலை வைத்தால் உப்புத்தாள். காலை ஆறு, ஏழு மணிக்கு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கிட்டத்தில் பிடித்து அடித்தால் சரியாக வந்தது. கம்ப்ரசர் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ. போதும். வெள்ளி லாக்கர் மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு, அதற்கு மேல் வேண்டாம்.

டிகாலுக்கு மட்டும் சேலத்து வெயில் வரமாகத்தான் வந்தது. மஞ்சளான டிகால் தாளை நன்றாக மூடும் ஜிப் கவரில் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவிடுங்கள். மஞ்சள் வெளுத்துவிடும். ஏற்காட்டில் இதையும் முயன்று ஒன்றும் நடக்கவில்லை. மேகத்துக்கு நடுவே வெயிலுக்கு எங்கே போவது? சேலம் வீட்டு மேற்கு ஜன்னலில் ஒட்டியதும் இரண்டாவது வாரத்திலேயே வெள்ளை திரும்பிவிட்டது. தினமும் பார்த்து, வெளுத்ததும் எடுத்துவிடவேண்டும், மற்ற நிறங்களும் வெயிலில் மங்கும். ஆனால் நிறம் திரும்பினாலும் பூச்சின் பலம் திரும்பாது. எனக்குத் தேவையில்லாத வேறு நாட்டு எண் ஒன்றைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தபோது அது அப்பளமாக நொறுங்கியது. அதனால் தாள் முழுக்க மெல்லிசாகக் கிளியர் லாக்கர் அடித்து, ஒரு நாள் காயவிட்டு, ஒவ்வொரு சின்னத்தையும் அதன் ஓரத்தை ஒட்டியே கத்தரித்தேன். கிளியர் அடித்த பிறகு தாள் முழுவதும் ஒரே படலம் ஆகிவிடும், கத்தரிக்காமல் போட்டால் எல்லாம் சேர்ந்து வரும். இப்படி வட்டங்கள் தப்பின. பூச்சி தின்ற வால் பட்டைக்கு மட்டும் தனியாக ஒரு டிகால் தாள் வாங்கவேண்டி வந்தது, தபாலோடு 1,400 ரூபாய். ஒரே ஒரு பட்டைக்கு.

கண்ணாடியை ஒட்ட சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி உள்ளே படிந்து கண்ணாடியைப் புகை மாதிரி ஆக்கிவிடும். மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையே போதும், காய்ந்தால் தெரியாது. மூக்கில் நீளும், வேகம் அளக்கும் பிடோ குழாயைப் பெட்டியில் வந்த பிளாஸ்டிக்கில் செய்தால் கை பட்டதும் போய்விடும். மருந்துக்கடையில் 22 கேஜ் ஊசி ஒன்று, 30 கேஜ் ஊசி ஒன்று வாங்கினேன். முதலாவது 0.7 மில்லிமீட்டர் கனம், இரண்டாவது 0.3; ஒன்றுக்குள் ஒன்று நுழையும். நிஜக் குழாய் போலவே படிப்படியாக மெலிந்து நிற்கிறது. முனையை அரத்தால் மழுக்கிவிட்டுத்தான் மாட்டினேன், வீட்டில் குழந்தை இருக்கிறது.

மொத்தச் செலவைக் கூட்டியபோது, ஏர்பிரஷ் கணக்கைத் தள்ளிவிட்டாலும், 4,500 ரூபாய் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கு மேல் மலையில் வெளுத்துப்போன பெயிண்ட்டும் அதைத் தேய்த்தெடுத்த சாமான்களும். ஈரப்பதமானி 350 ரூபாய்தான். அதை முதலில் வாங்கியிருந்தால் மிச்சப் பணம் கையில் இருந்திருக்கும். விமானம் இப்போது ஹாலில் கண்ணாடி அலமாரியில் நிற்கிறது. மூக்கு இணைப்பில் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சத்தில் லேசாகக் கோடு தெரியும். மெருகு அண்ணன் வந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார். அலமாரியில் இன்னும் இரண்டு பெட்டிகள் திறக்காமல் கிடந்தன. போன ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பிரித்து, டயர்களை மட்டும் எடுத்துத் தனித்தனியாகக் காகிதக் கவரில் போட்டு வேறு டப்பாவில் வைத்துவிட்டேன். டிகால் தாள்களை ஜிப் கவரில் மூடி, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைக்க மனைவியிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.